வெறும் வயிற்றில் களிமண் கரைசல்: உடலின் நச்சை இறக்குமா?

கேள்வி: எனக்கு வயது 34, ஊர் செங்கோட்டை. உடலிலுள்ள நச்சுகளையெல்லாம் இழுத்து வெளியேற்றும் என்று புனலூரிலிருக்கும் என் நாத்தனார் கொடுத்த வெள்ளைக் களிமண் பொடியை, இரண்டு மாதங்களாகத் தினமும் காலையில் ஒரு கரண்டி கரைத்துக் குடிக்கிறேன். மலம் சாம்பல் நிறத்தில் சளியோடு போகிறது; அதுதான் நச்சு என்கிறார்கள். ஆனால் மலச்சிக்கலும் அசதியும் கூடிவிட்டன. மழை பெய்தால் மண்ணை அள்ளித் தின்னத் தோன்றுகிறது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டாவது குழந்தைக்கும் முயன்று வருகிறோம். தொடரலாமா?

பதில்: வேண்டாம் சகோதரி, இன்றே நிறுத்திவிடுங்கள். களிமண்ணுக்கு நஞ்சைப் பற்றும் குணம் உண்டு என்பது பொய்யல்ல. பாராகுவாட் என்ற களைக்கொல்லியைக் குடித்தவரை உடனே கொண்டுவந்தால், மருத்துவமனையில் ஃபுல்லர் மண்ணைக் கரைத்துக் கொடுப்பதுண்டு. நாம் முகத்தில் பூசும் முல்தானி மிட்டியும் அந்த வகைதான். ஆனால் அது, குடலில் இன்னும் உறிஞ்சப்படாமல் கிடக்கும் நஞ்சை முதல் சில மணி நேரத்துக்குள் பற்றுவதற்காகத் தரப்படுவது. இரத்தத்தில் கலந்துவிட்டதைக் குடலில் கிடக்கும் மண் எட்டிப் பிடிக்காது; அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் இரவு பகலாகச் செய்துகொண்டிருக்கின்றன. நீங்கள் காணும் சாம்பல் நிறம் பெரும்பாலும் நீங்கள் குடித்த மண்ணின் நிறமே. நிறுத்தி ஒரு வாரம் ஆன பிறகும் மலம் வெளுத்தே போனால், பித்தநீர்ப் பாதையில் அடைப்பு உண்டா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த மண் ஆசைதான். மண், சாம்பல், பச்சரிசி, சிலேட்டுக் குச்சி ஆகியவற்றின் மேல் வரும் அடங்காத ஆசை பல பெண்களிடம் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கிறது. அசதியும் அதோடு பொருந்துகிறது. களிமண்ணோ உணவிலுள்ள இரும்பைக் குடலிலேயே பற்றிக்கொண்டு வெளியேறுவதால், குறை இன்னும் ஆழமாகிறது, ஆசையும் வளர்கிறது. தைராய்டு மாத்திரையையும் வெறும் வயிற்றில்தான் விழுங்குகிறீர்கள் என்றால், அதுவும் முழுதாக உடலில் சேராமல் போகக்கூடும்.

குழந்தைக்கு முயலும் நேரத்தில் இன்னொரு கவலையும் உண்டு. 2016-இல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பென்டோனைட் களிமண் பொடிகள் இரண்டில் ஈயம் மிகுந்திருப்பதைக் கண்டு, அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. ஈயம் எலும்பில் ஆண்டுக்கணக்கில் தங்கி, கருவுற்ற காலத்தில் இரத்தத்துக்கு வந்து, நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் மூளையைப் பாதிக்கக்கூடியது. கொல்லம் போகும் வழியில் குண்டராவில் கிடைக்கும் வெண்களிமண் பீங்கானுக்குப் பெயர்பெற்றது. அத்தகைய தொழிற்சாலை மண்ணுக்கும் உண்ணத்தக்க மண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை நிறத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பாரம்பரியம் என்ற பெயரும் இதற்குப் பொருந்தாது. சித்த மருத்துவத்தில் காவிக்கல்லைக்கூடச் சுத்தி செய்த பிறகே மருந்தாக்குகிறார்கள். இயற்கை வைத்தியத்தின் மண்பட்டியோ வயிற்றின் மேல் போடுவது.

செங்கோட்டை அரசு மருத்துவமனையிலேயே ஹீமோகுளோபின் பார்த்துவிடலாம். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. அது சரியாக இருந்தாலும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் அந்தச் சேமிப்பு வற்றிய பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். இரத்தத்தில் ஈய அளவும் பார்ப்பது நல்லது. முடிவு தெரியும்வரை கருத்தரிப்பைத் தள்ளிவையுங்கள். மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகமா என்பதையும் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். இரும்பு மாத்திரை எழுதித் தந்தால், தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்காதீர்கள். இரும்பு ஏற ஏற மண் ஆசை பெரும்பாலும் சில வாரங்களில் தானே விட்டுப்போகும். களிமண்ணை நிறுத்திய 6 வாரங்களுக்குப் பிறகு, தைராய்டு மாத்திரையின் அளவு போதுமா என்று காட்டும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அதுவரை மாத்திரையின் அளவை நீங்களாக மாற்ற வேண்டாம்.

இதற்கிடையில் வயிறு உப்பி, வாந்தி எடுத்து, மலமும் வாயுவும் பிரியாமல் போனால், குடலில் மண் கட்டி அடைத்திருக்கக்கூடும். பேதி மருந்து எதுவும் குடிக்காமல், பொடிப் பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே தென்காசி அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.