40 எம்பி இருந்தால் லாஸ்லெஸ் ஆகிவிடுமா?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: எஸ்.பி. ரோட்டில் பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்தை லாஸ்லெஸ் (ஒலியில் எதையும் இழக்காத ஃபைல்) என்று சொல்லி பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள், பாட்டுக்கு 30, 40 எம்பி இருக்கிறது, ஆனால் ப்ளூடூத் இயர்போனில் எம்பி3-க்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. கடைக்காரர் 15,000 ரூபாய்க்கு டாக் (டிஜிட்டல் ஃபைலை இயர்போனுக்கான ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) வாங்கச் சொல்கிறார், வாங்கலாமா?

வாங்காதீர்கள். முதல் சிக்கல் உங்கள் இயர்போன். சிடி தரம் என்பது நொடிக்கு 1,411 கிலோபிட். சாதாரண ப்ளூடூத்தில் போவது அதில் கால்வாசிதான். ஃபைல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் போன் அதைக் குறைத்துத்தான் அனுப்பும். ஒயர் இயர்போனில் கேளுங்கள். போனில் அதற்கு இடமில்லையா, டாக் உள்ளே இருக்கிற டைப்-சி கனெக்டர் என்று கேட்டு வாங்குங்கள், 1,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

அப்புறம் அந்த பென்டிரைவ். எம்பி3-ஐ ஃப்ளாக் என்ற லாஸ்லெஸ் ஃபைலாக மாற்ற ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஃபைல்தான் வீங்கும், எம்பி3 ஆக்கியபோது போன சத்தம் திரும்பி வராது; தண்ணீர்ப் பாலைப் பெரிய சொம்பில் ஊற்றினால் கெட்டியாகிவிடுமா? இதைத்தான் லாஸ்லெஸ் என்று தள்ளிவிடுகிறார்கள். 'ஸ்பெக்' என்ற இலவச மென்பொருளில் ஃபைலைப் போடுங்கள், ஒலியின் அதிர்வெண் எவ்வளவு உயரம் போகிறது என்று காட்டும் படம் வரும். 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் ஸ்கேல் வைத்து வெட்டினாற்போல் அதற்கு மேல் கறுப்பாக இருந்தால் ஏமாந்துவிட்டீர்கள்.

ஆனால் அவசரப்படாதீர்கள். இது 1973-இல் வந்த, டேப்பில் பதிவான ஆல்பம். பழைய டேப்பில் மேல் பகுதி தானாகவே மெல்ல மங்கும், அதைப் பார்த்துவிட்டு நல்ல ஃபைலை அழித்தவர்கள் உண்டு. தொடக்கத்தில் இதயத்துடிப்பு மட்டும் கேட்கும் இடத்திலும் மேலே ஒன்றும் இருக்காது, அது சரிதான். 'டைம்' பாட்டில் கடிகாரங்கள் எல்லாம் ஒன்றாக அடிக்கிற இடத்தைப் பாருங்கள், அங்கே கோடுகள் உயர ஏறும். மங்கல் வேறு, வெட்டு வேறு.

உண்மையில் பென்டிரைவே வேண்டாம். ஆப்பிள் மியூசிக்கில் 2021 முதல் லாஸ்லெஸ் கூடுதல் கட்டணம் இல்லாமலே இருக்கிறது, ஆண்ட்ராய்டிலும் கிடைக்கும். ஆனால் செட்டிங்ஸுக்குள் ஆடியோ குவாலிட்டியைத் தேடிப் போய் நீங்கள்தான் ஆன் செய்ய வேண்டும். காசு கட்டியவருக்கு இதை ஏன் இப்படி மூலையில் வைக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அதிலும் 192 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும் ஹை-ரெஸ் பின்னால் அலையாதீர்கள், டேட்டாதான் கரையும். காது கேட்பதே 20 கிலோஹெர்ட்ஸ் வரை, சிடி தரமே 22 வரையிலான ஒலியைத் தாங்கும்.

இன்றைக்கு ராத்திரி ஒயரை மாட்டி அந்தக் கடிகாரங்களை மட்டும் இரண்டு தடவை கேளுங்கள், டாக் பேச்சை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.