மருமகன்ட மான் கேமுக்கு 4 லட்சம் குடுக்கலாமா?

கேள்வி: அண்ணா, நான் திருகோணமலை உப்புவெளி. அவர் கட்டார்ல இருந்து அனுப்பினதில சேத்து வச்சது 6 லட்சம் கையில இருக்கு. என்ட அண்ணன்ட மகன் கம்பஸ் முடிச்சிட்டு ரெண்டு பொடியன்களோட சேந்து போனுக்கு ஒரு கேம் செய்றான், ரவுனுக்குள்ள திரியிற மான் ஒண்டு ஓட்டோவுக்கு தப்பி தப்பி ஓடுற மாதிரி, என்ட சின்னவள் போனை கீழ வைக்கிறாளில்ல. 4 லட்சம் தந்தா பங்கு தாறன் மாமி எண்டுறான். மற்றப்பக்கம் அவர்ட சிநேகிதர் ஒருத்தர் என்.சி. வீதியில போன் கடை போடப்போறார், அவரும் பாட்னரா வரச்சொல்லி கேக்கிறார். எல்லார்ட கையிலயும் போன் இருக்கு, எல்லாரும் கேம் விளையாடுறாங்க, அப்ப இதில நட்டம் வராது தானே? தேவையெண்டா நகையையும் அடகு வைக்கலாம்.

பதில்: தங்கச்சி, முதல்ல நகைய அலுமாரிக்குள்ள வச்சு பூட்டுங்க, மிச்சத்த பிறகு கதைப்பம்.

எல்லார்ட கையிலயும் இருக்கிறது வேற, அதில எங்களுக்கு காசு மிஞ்சிறது வேற. உலகம் முழுக்க விக்கிற போன்ல அஞ்சில ஒரு பங்கு அளவுதான் ஆப்பிள்ட, ஆனா போன் வித்து வாற லாபத்தில பெரும்பங்கு அவங்களுக்குத்தான் போகுது, மற்ற கொம்பனியெல்லாம் மிச்சத்துக்கு அடிபடுது, எல்ஜி மாதிரி பெரிய கொம்பனியே நட்டம் தாங்க ஏலாம 2021ல போன் செய்றத விட்டுட்டுது. செய்றவனுக்கே இப்பிடி எண்டா விக்கிறவருக்கு என்ன மிஞ்சும்? நானும் ஒருக்கா ஒரு கடையில 2 லட்சம் போட்டு பட்டனான், புது மொடல் வந்த கிழமையே ஷோகேஸ்ல இருந்த பழைய போனுக்கு விலை இறங்கிட்டுது, வாங்கின விலைக்கும் குறைச்சுத்தான் தள்ளினம். மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு கிட்ட இருக்கிற தெரிஞ்ச பொடியன்ட கடையில ஒரு பின்னேரம் சும்மா இருந்து எண்ணிப்பாத்தன். வந்தது 11 பேர், 7 பேருக்கு ரீலோட், ரெண்டு பேருக்கு டெம்பர் கிளாஸ், ஒருத்தருக்கு சார்ஜிங் பின் மாத்தணும், கடைசி ஆள் போன் விலை கேட்டுட்டு போயிட்டார். ரீலோட்ல வாறது சில்லறை, அண்டைக்கு உழைப்பு எண்டு சொல்லக்கூடியது அந்த கிளாசும் பின்னும்தான். அதால சிநேகிதரிட்ட ஒண்டு கேளுங்க, ரிப்பேர் பாக்க ஆள் இருக்கா எண்டு. இல்லையெண்டா விடுங்க. இருந்தா எழுத்தில ஒப்பந்தம் போட்டு, டிஆர்சி, அதுதான் தொலைத்தொடர்பு ஆணைக்குழு, அனுமதியில்லாத போன் கடைக்குள்ள வராது எண்டதையும் அதில எழுதி, அதுக்குப் பிறகு யோசிக்கலாம்.

இப்ப மருமகன்ட விசயம். எனக்கு அந்த மான் ஐடியா உண்மையா பிடிச்சிருக்கு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் என்ட வாழைப்பழப் பையையே ஒரு மான் இழுத்தது. ஆனா கேம்ல காசு எப்பிடி வருது எண்டு பாருங்க. விளையாடுறது இலவசம், கேண்டி கிரஷ் மாதிரி கேம்லயே காசு கட்டுறது 100 பேர்ல ஒரு சிலர்தான், அவங்க கட்டுற காசிலயும் ஒரு பங்க பிளே ஸ்டோர் வாசல்லயே எடுத்துப்போடும். கேமுக்குள்ள விளம்பரம் காட்டி வாற காசு எண்டா 100 டொலர் சேருற வரைக்கும் கூகுள் அனுப்பவே மாட்டான். வியட்நாம்ல ஒரு பொடியன் தனிய இருந்து 2013ல ஃபிளாப்பி பேர்ட் செஞ்சு நாளைக்கு 50,000 டொலர் வந்த கதைய உங்கட மருமகனும் சொல்லியிருப்பான், எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க. ஆங்கிரி பேர்ட்ஸ் செஞ்ச கொம்பனி அதுக்கு முதல் 50க்கு மேல கேம் செஞ்சு முங்கிற நிலைக்கு வந்தத ஒருத்தரும் சொல்றேல்ல. கேண்டி கிரஷ் கொம்பனிட பங்க 2014ல 22.50 டொலருக்கு வாங்கினாக்களுக்கும் அண்டு பின்னேரமே 19 தான், ரெண்டு வருசத்தில கொம்பனி கைமாறக்க 18.

பிளே ஸ்டோர்ல கேம் போட ஒருக்கா 25 டொலர் கட்டினா போதும், பொடியன்களிட்ட கொம்பியூட்டர் இருக்கு, அப்ப 4 லட்சம் எதுக்கு? நான் நினைக்கிறன் விளம்பரத்துக்கு. அது கடல்ல உப்பு கரைக்கிற வேலை தங்கச்சி, காசு நிக்கிற அண்டே டவுன்லோடும் நிண்டுரும்.

என்ட கணக்கு இதுதான். ஆறு மாச வீட்டுச்செலவ சேவிங்ஸ்ல விடுங்க, மிச்சத்தில பெரும்பகுதி எஃப்டி (நிலையான வைப்பு), வட்டில 10 வீதம் வரி வெட்டுவாங்க, உங்களுக்கு வேற வருமானம் இல்லையெண்டா அத வெட்டாம இருக்க பேங்க்ல ஒரு ஃபோர்ம் குடுக்கலாம், கேளுங்க. மருமகனுக்கு 50,000 குடுங்க, பங்குக்கு இல்ல, மாமி குடுத்ததா. அதையும் ஒரேயடியா குடுக்காதிங்க. புது ஆள் கேம் விடுறதுக்கு முதல் 12 பேர வச்சு 14 நாள் டெஸ்ட் பண்ணணும் எண்டு கூகுள் கேக்கும், அந்த 12 பேர்ல எத்தின பேர் ஏழாம் நாளும் அவன் கெஞ்சாமலே திறந்து விளையாடினாங்க எண்டு கேளுங்க, வீட்டுப் பிள்ளையள கணக்கில சேக்காம. அந்த நம்பரை எனக்கு எழுதுங்க, லிங்கையும் சேத்து அனுப்புங்க, நானும் ஒருக்கா ஓடிப்பாக்கணும்.