ஒருவர் கே (ஆண்களை விரும்பும் ஆண்) என்பதை நடை, பேச்சை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா? என் டீமில் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிற ஒருவர் மேல் சந்தேகம்.

முடியாது. நான் கே. சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவன், ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. மீசை, கட்டைக் குரல், ஞாயிற்றுக்கிழமை ஆனால் கிரிக்கெட். என் மேல் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. நீங்கள் சொல்லும் ‘கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறவர்’ பொண்டாட்டி பிள்ளைகளோடு நிம்மதியாக இருக்கிறவராகவும் இருக்கலாம். சில கே ஆண்கள் நளினமாக இருப்பார்கள், சிலர் இருக்க மாட்டார்கள். அவ்வளவுதான்.

ஆனால் இந்தச் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். நம் காமெடி டிராக்குகளில் வருஷக்கணக்காக ஒரே ஆள்தான். இடுப்பை வளைத்து ஹீரோவை உரசுவார், ஹீரோ அலறி ஓடுவார், தியேட்டரே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் ஸ்கூல் நாட்களில் என் குரலை நானே கட்டையாக்கிப் பழகினேன். இப்போது அதுவே நிஜக் குரலாகிவிட்டது.

நண்பர்களிடம் சொன்னபோது அதிகம் கேட்டது, “பார்த்தா தெரியவே இல்லையே மச்சான்!” பாராட்டுதான். தெரியாத வரைக்கும் நீ நம்ம ஆள் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. வெளியாட்களை மட்டும் சொல்வானேன், டேட்டிங் ஆப்பில் எங்கள் ஆட்களே ‘ஆம்பளை மாதிரி இருக்கணும், பொம்பளைத்தனம் வேண்டாம்’ என்று எழுதி வைக்கிறார்கள். எனக்கு இதுதான் அதிக எரிச்சல்.

ஜூன் மாதம் எங்களைப் போன்றவர்களுக்கு ஆதரவாக எங்கள் ஆபீஸில் ஐ.டி. கார்டு மாட்ட வானவில் பட்டை கொடுப்பார்கள். மற்றவர்கள் அதைக் கழுத்தில் போட்டபடியே சோழிங்கநல்லூரில் பஸ் ஏறி, டீக்கடையில் நின்று, வீடு வரை போவார்கள். கேட் தாண்டும் முன் கழற்றிப் பைக்குள் போடுவது நான்தான். என் நண்பன் ஒருவன் இருக்கிறான். அவனால் நடையையும் குரலையும் கழற்றி வைக்க முடியாது. வேளச்சேரியில் வீடு தேடினான். போனில் ‘வாங்க தம்பி’ என்ற ஓனர், நேரில் பார்த்ததும் சொந்தக்காரருக்கு விட்டாச்சு என்றார். அதே தெருவில் எனக்கு உடனே வீடு கிடைத்திருக்கும்.

2009 ஜூனில் சென்னையின் முதல் வானவில் பேரணி மெரினாவில் நடந்தபோது எங்கள் உறவைக் குற்றமாக்கிய 377-வது சட்டப் பிரிவு அப்படியே இருந்தது. வயது வந்தவர்கள் மனமொத்து இருந்தால் குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 செப்டம்பர் 6-இல்தான். அந்த 2009 பேரணியில் கடற்கரைச் சாலையில் முகத்தைக் காட்டி நடந்தவர்கள் தைரியத்தில்தான் என்னை மாதிரி ‘தெரியாத’ ஆட்களின் காலம் ஓடுகிறது.

2021-இல் மதுரையிலிருந்து தப்பி வந்த ஒரு பெண் ஜோடியின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே போதிய புரிதல் இல்லை என்று சொல்லி, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன் பிறகுதான், ‘குணப்படுத்துகிறேன்’ என்று யாரும் கிளம்பக் கூடாது என்று தடை போட்டார்.

உங்கள் டீம் ஆளுக்கு வருகிறேன். கேட்காதீர்கள், அவர் இல்லாதபோது மற்றவர்களிடம் விசாரிக்கவும் செய்யாதீர்கள். அவராகவே ஒரு நாள் சொன்னால், தயவுசெய்து “எனக்கு முன்னாடியே தெரியும்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.