ஒரு இன்ஜின் மட்டும் ஏன் சூடேறுகிறது?

கேள்வி: என் படகில் ஒரே மாடல் டீசல் இன்ஜின் இரண்டு. இரண்டுக்கும் கூலன்ட்டைக் கடல்நீர் குளிர்விக்கும் அமைப்புதான். ஐட்லிங்கில் இரண்டு கேஜும் ஒரே அளவு காட்டுகின்றன. 2,600 ஆர்பிஎம்மில் அரை மணி நேரம் ஓடினால் இடது 80 டிகிரியில் நிற்கிறது, வலது 93 வரை ஏறுகிறது. தெர்மோஸ்டாட் மாற்றினேன். கடல்நீர் பம்புக்குள் சுழலும் ரப்பர் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரும் மாற்றினேன், பழையதில் இரண்டு இறக்கை இல்லை. பலனில்லை. கூலன்ட்டின் சூட்டைக் கடல்நீருக்குக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சரைப் புதிதாக வாங்கிவிடட்டுமா?

பதில்: இப்போதைக்குப் பணத்தை எடுக்காதீர்கள். நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு வரியில்தான் என் கண் நிற்கிறது. இல்லாத அந்த இரண்டு இறக்கைகளும் எங்கே போயின?

ரப்பர் கடலில் கரைந்துவிடாது. பம்ப் தள்ளிய தண்ணீரோடு போய், வழியில் முதலில் வரும் குறுகலான இடத்தில் சிக்கியிருக்கும். பெரும்பாலும் அது ஹீட் எக்ஸ்சேஞ்சரின் நுழைவாய். பம்புக்கு அடுத்து கியர் ஆயில் கூலர் இருந்தால், அது. குறைந்த வேகத்தில் சூடு குறைவு என்பதால் பாதி அடைத்த வழியே போதுமாக இருக்கும். வேகம் கூடும்போதுதான் குட்டு வெளிப்படும். உங்கள் அறிகுறியும் அதேதான்.

ஆனால் ஸ்பேனரை எடுக்கும் முன் சூடு நிஜம்தானா என்று பாருங்கள். ஒருமுறை நான் முழு கூலரையும் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டிய பிறகு, கேஜைப் பொய் சொல்ல வைத்த துருப்பிடித்த எர்த் கம்பிதான் குற்றவாளி என்று தெரிந்தது. ஒரு நாள் வீண். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் இரண்டு இன்ஜின்களிலும் தெர்மோஸ்டாட் மூடியைக் குறிபாருங்கள். பளபளப்பான உலோகத்தில் அந்தக் கருவி குறைத்துக் காட்டும். அதனால் இரண்டிலும் ஒரே இடத்தில் கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் அளந்துகொள்ளுங்கள். ஐந்தாறு டிகிரி வித்தியாசத்துக்கு நான் கவலைப்பட மாட்டேன். உங்கள் 13 டிகிரி நிஜமானால் காரணம் இருக்கிறது.

இரட்டை இன்ஜினில் உள்ள பெரிய வசதி, நல்லது எப்படி இருக்கும் என்று காட்ட பக்கத்திலேயே ஒன்று ஓடிக்கொண்டிருப்பது. அதே 2,600-இல், கடல்நீர் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் போகும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் டேப் ஒட்டி வெப்பம் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இடதுபக்கத்தோடு ஒப்பிடுங்கள். வலதில் கடல்நீர் அதிகமாகச் சூடாகி வெளியேறினால், அதே சூட்டைக் குறைந்த தண்ணீர் சுமக்கிறது. அடைப்பு, காற்றுக் கசிவு, தேய்ந்த பம்ப் மூடி என்று அந்த வழியில் தேடுங்கள். கடல்நீரின் வெப்பம் இரண்டிலும் ஒரே அளவே உயர்ந்து, கூலன்ட் மட்டும் கொதித்தால், குழாய்களில் உப்பும் சுண்ணாம்பும் படிந்து சூடு கடந்து போகவில்லை. அப்போதும் புதிது வேண்டாம், ரசாயனக் கழுவல் செய்து பார்க்கலாம்.

அடைப்பு என்று தெரிந்தால், இன்ஜின் ஆறிய பிறகு கடல்நீர் வால்வை மூடி, ஹீட் எக்ஸ்சேஞ்சரின் நுழைவுப் பக்க மூடியைக் கழற்றுங்கள். தேன்கூடு போன்ற குழாய் முகத்தில் கறுப்பு ரப்பர் துண்டு அப்பிக்கொண்டிருக்கும். கம்பியால் உள்ளே குத்தாதீர்கள். நீண்ட மூக்குக் குறட்டால் பிடுங்குங்கள், பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து தண்ணீர் அடியுங்கள். அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாக அனோடின் உடைந்த துண்டுகளும் அங்கேயே கிடக்கலாம். கிடைத்த ரப்பரைப் பழைய இம்பெல்லரோடு பொருத்திப் பாருங்கள். ஒரு துண்டு குறைந்தாலும் ஹோஸ் வளைவுகளில் தேடல் தொடர வேண்டும். மூடியின் ஓ-ரிங்கைப் புதிதாகப் போடுங்கள்.

கழற்றியதோடு ஸ்ட்ரெய்னர் எனும் கடல்நீர் வடிகட்டியின் மூடி கேஸ்கட்டையும் பாருங்கள். அது சரியாக உட்காராவிட்டால் பம்ப் தண்ணீரோடு காற்றையும் இழுக்கும். எக்ஸாஸ்ட்டில் தண்ணீர் கலக்கும் முழங்கையும் உட்புறம் துருவும் கரியும் படிந்து குறுகியிருக்கலாம்.

இவ்வளவுக்கும் பிறகும் வலது சூடாக இருந்தால், அது அதிக பாரம் இழுக்கிறதோ என்று யோசியுங்கள். இரண்டு ஆர்பிஎம் கேஜும் 2,600 காட்டும்போது காதைத் தீட்டுங்கள். 'வூம்... வூம்...' என்று சத்தம் ஏறி இறங்கினால் வேகம் ஒன்றாக இல்லை, ஒரு கேஜ் பொய் சொல்கிறது. புரொப்பெல்லர் இறக்கை வளைந்திருந்தாலும், ஷாஃப்ட்டில் கயிறு சுற்றியிருந்தாலும் அந்த இன்ஜின் முழு திராட்டிலில் தன் உச்ச ஆர்பிஎம்மை எட்டாது.

அதுவரை வலது இன்ஜினை 85-க்கு மேல் போகாத வேகத்தில் ஓட்டுங்கள். சூடாக இருக்கும்போது கூலன்ட் மூடியைத் தொடவே வேண்டாம், அழுத்தத்தில் இருக்கும் நீர் முகத்தில் பீய்ச்சும். இன்னொன்று: வேலை செய்யும்போது ஸ்டார்ட்டிங் சாவியை மூடிய கடல்நீர் வால்வின் கைப்பிடியிலேயே மாட்டிவிடுங்கள். வால்வைத் திறக்க மறந்து ஸ்டார்ட் செய்து புது இம்பெல்லரைப் பொசுக்கியவர்கள் நிறையப் பேர்.