பின்பக்கம் ஏன் சுற்றுகிறது? – கார்ட்டிங் கேள்வி பதில்

பாலக்காட்டுக் கிழக்கு ஓரத்திலிருந்தும் பொள்ளாச்சிப் பக்கமிருந்தும் கோ-கார்ட்டிங், அதாவது தரையோடு ஒட்டிய சின்னப் பந்தய வண்டியை ட்ராக்கில் ஓட்டுவது பற்றி வந்த கேள்விகள் இந்த முறை.

கே: ஸ்விஃப்ட் வாங்கியிருக்கிறேன். வேகமாக, அதே சமயம் ஒழுங்காக ஓட்டப் பழக ஆசை. கோயமுத்தூரில் போய் கார்ட் ஓட்டு என்கிறான் மச்சான். அந்தப் பொம்மை வண்டியில் என்னங்க கற்றுக்கொள்வது?
– கொழிஞ்சாம்பாறை வாசகர்

ப: மச்சான் பேச்சைக் கேளுங்கள். வாடகைக் கார்ட்களில் பெரும்பாலும் 200 அல்லது 270 சிசி நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின்தான். பெரியதே 9 எச்.பி. பக்கம், ஸ்பிளெண்டர் பைக்கைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. ஆளோடு சேர்த்து 200 கிலோவுக்கு மேல் அது இழுக்க வேண்டும். வளைவில் வீணாக 5 கி.மீ. வேகத்தை விட்டால், அதை மீட்பதிலேயே அடுத்த நேர்ப்பாதை தீர்ந்துவிடும். ஸ்விஃப்டில் அதே தப்பைச் செய்தால் ஆக்சிலரேட்டரை மிதித்து மூடி மறைத்துவிடலாம். தப்பு நடந்ததே தெரியாது. கார்ட்டில் சஸ்பென்ஷன் இல்லை, பவர் ஸ்டீயரிங் இல்லை, பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் பார்க்கும் ஏபிஎஸ் இல்லை. டயர் வழுக்கத் தொடங்குவது நேராக உள்ளங்கைக்கும் இடுப்புக்கும் வந்து சேரும்.

கே: ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பின்பக்கம் சுற்றி, கார்ட் எதிர்த்திசை பார்த்து நின்றுவிடுகிறது. காரில் பிடிப்பதுபோலத்தான் பிரேக் பிடிக்கிறேன். கார்ட்டில் கோளாறா?
– பொள்ளாச்சி வாசகர்

ப: கார்ட் நன்றாகத்தான் இருக்கிறது. காரில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் உண்டு, முன்சக்கரங்கள்தான் அதிக பாரத்தை வாங்கும். வாடகைக் கார்ட்டில் பிரேக் பின் ஆக்சிலுக்கு மட்டும். பிரேக் மிதித்ததும் எடை முன்னால் சாய்கிறது, பின்சக்கரங்கள் லேசாகின்றன. லேசான சக்கரத்தையே பிரேக்கும் பிடிக்கிறது. அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கும் திரும்பியிருந்தால் பின்பக்கம் சுற்றாமல் என்ன செய்யும்?

இன்னொன்றும் இருக்கிறது. வளைவில் இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் கார்ட்டில் கிடையாது. இரண்டு பின்சக்கரமும் ஒரே கம்பியில் ஒரே வேகத்தில் சுழலும். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், உள்சக்கரம் குறைந்த தூரம். இரண்டும் தரையில் அழுத்தமாக இருந்தால் கார்ட் திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும். இதற்காகவே முன்சக்கரங்களுக்குப் பெரிய கேஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) வைத்திருக்கிறார்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் உள்பக்க முன்சக்கரம் கீழே அழுந்தும், சட்டம் லேசாக முறுக்கிக்கொள்ளும், உள்பக்கப் பின்சக்கரம் தரையைவிட்டுக் கொஞ்சம் தூக்கும். அப்போதுதான் கார்ட் சுலபமாகத் திரும்பும். பைக் ஓட்டிப் பழகியவர்கள் வளைவின் உள்பக்கம் சாய்ந்து உட்காருவார்கள். தூக்க வேண்டிய சக்கரத்தின் மேலேயே பாரத்தைப் போடுகிற வேலை அது. நிமிர்ந்தே உட்காருங்கள், வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்தாலும் தவறில்லை.

இப்படிப் பழகிப் பாருங்கள். முதல் மூன்று சுற்று பாதி வேகம்தான், டயரும் சூடாகட்டும். பிறகு அந்த வளைவுக்கு முன்னால் ஓர் அடையாளம் பிடித்துக்கொள்ளுங்கள்: டயர் அடுக்கு, ட்ராக் ஓரக் கர்பில் பெயின்ட் உரிந்த இடம், எதுவானாலும். ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதே அங்கே பிரேக்கை உறுதியாக மிதியுங்கள். திருப்பத் தொடங்கும்போது காலை மெல்ல எடுத்துக்கொண்டே வாருங்கள். வளைவின் உள் ஓரத்தை ஒட்டிப் போகும் இடமான ஏபெக்ஸைத் தொடும்போது கால் பிரேக்கை விட்டிருக்க வேண்டும். ஸ்டீயரிங் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு பிரேக் குறைய வேண்டும். பின்னாலிருந்து 'கீச்' என்று நீளமாகக் கேட்டால் சக்கரம் பூட்டிக்கொண்டது என்று அர்த்தம். பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தினால் பிடிப்பு திரும்பிவிடும். சத்தம் முன்னாலிருந்து வந்தால் கதை வேறு. ஸ்டீயரிங்கை அளவுக்கு மேல் திருப்பி டயரைத் தேய்க்கிறீர்கள், சற்று நேராக்குங்கள். ஒழுங்காக வந்தால் பிரேக் பிடிக்கும் இடத்தைச் சுற்றுக்கு ஒரு மீட்டர் தள்ளிப் போடுங்கள். ஏபெக்ஸைத் தவறவிட்டீர்களா, ஒரு மீட்டர் பின்னால் வாருங்கள். உங்கள் இடம் அதுதான்.

பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் ஒன்றாக மிதிக்காதீர்கள். கிளட்ச் சூடேறிக் கருகும். சுற்றியே விட்டால் பிரேக்கை முழுக்க மிதித்துப் பிடித்து, கையை உயர்த்திக் காட்டி, உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள். இறங்கி ஓடுவதுதான் ஆபத்து.

கே: பத்து நிமிடத்தில் முன்கை கல்லாகிவிடுகிறது. மறுநாள் இடது விலா வலிக்கிறது. வயசாகிவிட்டதா?
– வாளையாறு வாசகர்

ப: வயசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஸ்டீயரிங்கை நெரிக்கிறீர்கள். 9 மணி, 3 மணி இடங்களில், கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடியுங்கள். நேர்ப்பாதை வந்ததும் விரல்களைத் தளர்த்துங்கள். உடம்பைத் தாங்குவது சீட்டின் வேலை, கையின் வேலையில்லை. வலது வளைவுகளில் இடது விலா சீட் விளிம்பில் போய் இடிக்கிறது. சீட் தொளதொளவென்று இருந்தால் ஸ்பான்ஞ் செருகல் கேளுங்கள். அடிக்கடி போகிறவர் என்றால் விலாக் கவசம் வாங்கிவிடலாம்.

கே: மாதம் இரண்டு தடவை, தலா பத்து நிமிடம்தான் கட்டுப்படியாகும். எப்படிச் செலவழிப்பது?
– வேலந்தாவளம் வாசகி

ப: ஒரு தடவைக்கு ஒரே பாடம். இன்றைக்குப் பார்வை மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு 11 மீட்டர் போகிறீர்கள். முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் வளைவு முடிந்த பிறகுதான் மூளைக்குச் சேதி போகும். பிரேக் பிடிக்கும்போதே ஏபெக்ஸைப் பாருங்கள், ஏபெக்ஸ் வருமுன் வெளியேறும் இடத்தைப் பாருங்கள். முடிந்ததும் தரும் நேரச்சீட்டில் சிறந்த சுற்றை விட்டுவிட்டு, கடைசி ஆறு சுற்றுகளுக்குள் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். அது குறைந்தால் தேறுகிறீர்கள். பக்கத்து ஆளின் நேரத்தோடு ஒப்பிட வேண்டாம். ஒரே ஷெட்டில் நிற்கும் கார்ட்கள்கூட ஒன்றுபோல ஓடாது.

கே: ஜூன் மாதச் சாரலில் ஓட்டலாமா?
– கோபாலபுரம் வாசகர்

ப: விட்டால் ஓட்டுங்கள், நல்ல பாடம். வெயிலில் பிடிப்புத் தந்த லைனில், அதாவது எல்லோரும் ஓட்டும் தடத்தில், ரப்பரும் எண்ணெயும் படிந்திருக்கும். நனைந்ததும் அதுவே வழுக்குப் பாறை. வளைவில் அந்தக் கறுப்புப் பட்டையை விட்டு வெளிப்பக்கமாகச் சுற்றிப் போங்கள்.

கே: கார்ட்டில் பழகிய லைனை வால்பாறை மலைப்பாதையில் போடலாமா?
– ஆனைமலை வாசகர்

ப: கூடவே கூடாது. வெளி ஓரமாக நுழைந்து, உள் ஓரத்தைத் தொட்டு, வெளி ஓரமாக வெளியேறும் லைன், எதிரே வண்டி வராத ட்ராக்குக்கு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி. ஒவ்வொன்றுக்கும் அப்பால் தேயிலை லாரியோ வரையாடோ நிற்கலாம். சாலையில் உங்கள் பாதியிலேயே இருங்கள், மேலேறும் வண்டிக்கு வழி விடுங்கள். கார்ட்டிலிருந்து இங்கே கொண்டுவர வேண்டியது கண்ணும் காலும்: வளைவுக்கு முன்னாலேயே நேராக பிரேக், குறைந்த கியர், வழி தெரிந்த பிறகு ஆக்சிலரேட்டர். கார்ட்டில் இடது காலால் பிரேக் பிடிக்கும் பழக்கத்தை மட்டும் ட்ராக்கிலேயே விட்டுவிட்டு வாருங்கள். காரில் கிளட்ச் மிதித்துப் பழகிய கால் அது. பிரேக்கில் வைத்தால் தலை கண்ணாடியில் போய் முட்டும்.

கே: மகளுக்கு 12 வயது. பந்தயத்துக்கு அனுப்ப எண்ணம். வழி என்ன?
– சித்தூர் (பாலக்காடு) வாசகர்

ப: முதலில் ஆறு மாதம் வாடகைக் கார்ட். பிறகு 125 சிசி இரண்டு ஸ்ட்ரோக் பந்தயக் கார்ட் வைத்திருக்கும் ஓர் அணி. போட்டியிட இந்திய மோட்டார் பந்தயச் சங்கங்களின் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ உரிமம் வேண்டும். பந்தய வீரர் கரிவரதன் பெயரில் கோயமுத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் 2.1 கி.மீ. ட்ராக்கில் பந்தயம் நடக்கும் நாளில் ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள். செலவு கண்ணைக் கட்டும். அதையும் அங்கேயே விசாரித்துக்கொள்ளலாம்.

கே: சுடிதாரில் வந்தால் ஓட்ட விடுவார்களா?
– மீனாட்சிபுரம் வாசகி

ப: துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னாலேயே ஆக்சிலும் செயினும் சுற்றுகின்றன. தலைமுடியோ துணியோ சிக்கினால் உயிருக்கே ஆபத்து. முடியைக் கொண்டையாக்கி ஹெல்மெட்டுக்குள் முழுக்கத் தள்ளுங்கள், கம்மலைக் கழற்றுங்கள், மெல்லிய அடிப்பாகம் உள்ள மூடிய ஷூ போடுங்கள். இதையெல்லாம் பார்க்காமல் உட்காரச் சொல்கிற இடமாக இருந்தால், காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.