எம்பிஐ (பல கணினிகள் செய்தி பரிமாறிக்கொண்டு ஒரே கணக்கைச் சேர்ந்து செய்யும் முறை) நிரலைக் கிளவுடில் ஓட்டும்போது, கணினிகளைக் கூட்டியும் வேகம் கூடாதது ஏன்?

பெரும்பாலும் காரணம் பிராசஸர் இல்லை, நெட்வொர்க்தான். வானிலை மாதிரி, திரவ ஓட்டக் கணக்கு போன்றவற்றில் ஒவ்வொரு காலப்படியிலும் கணினிகள் பக்கத்துக் கட்டங்களின் எல்லை மதிப்புகளைப் பரிமாறிக்கொண்ட பிறகுதான் அடுத்த படிக்குப் போக முடியும். ஒன்று தாமதித்தால் மற்ற எல்லாமே காத்துக் கிடக்கும். சாதாரண ஈதர்நெட்டில் ஒரு செய்தி போய்ச்சேரப் பல பத்து மைக்ரோவினாடி ஆகலாம், இன்ஃபினிபேண்ட் என்ற அதிவேக நெட்வொர்க்கில் ஓரிரண்டுதான். கணினிகளைக் கூட்டக் கூட்ட ஒவ்வொன்றின் பங்குக் கணக்கு சுருங்கும், காத்திருப்பு அப்படியே நிற்கும்.

அதனால் முதலில் மெஷின் வகையை மாற்றிப் பாருங்கள். மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷூரில் எச்பி (HB) வரிசைக்கு இன்ஃபினிபேண்ட் உண்டு. அமேசானில் இஎஃப்ஏ (அமேசானின் வேகமான நெட்வொர்க் இணைப்பு) உள்ள வகையை எடுத்து, எல்லாவற்றையும் ஒரே பிளேஸ்மென்ட் குரூப்பில், அதாவது அருகருகே இருக்கும்படி, வையுங்கள். ஹைப்பர்த்ரெடிங்கையும் (ஒரு பிராசஸர் கோரை இரண்டாகக் காட்டும் வசதி) அணைத்துப் பார்க்கலாம்.

கிளவுடுக்கே இது சரிவராது என்று விட்டுவிடாதீர்கள். உலகின் வேகமான சூப்பர்கம்ப்யூட்டர்களின் 2023 நவம்பர் டாப்500 பட்டியலில் அஷூரின் ஈகிள் மூன்றாம் இடத்தில் இருந்தது.

அப்புறம், விலை குறைவென்று ஸ்பாட் மெஷின் (கிளவுடில் மிச்சமிருக்கும் கணினி) எடுத்தால் செக்பாயிண்ட், அதாவது கணக்கின் நிலையை அவ்வப்போது சேமித்து வைப்பது, கட்டாயம். அமேசான் 2 நிமிட முன்னறிவிப்போடு அந்த மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.