கோபம் சரி, ஆண்டு தவறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

எக்ஸ்டசி என்ற பெயரில் புழங்கும் போதைமருந்தான எம்டிஎம்ஏ கொடுத்து, பேரதிர்ச்சி விட்டுச்செல்லும் மனவடு நோய்க்கு (பிடிஎஸ்டி) செய்யப்படும் சிகிச்சை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். சோதனையில் 71 சதவீதம் பேர் நோயின் வரையறைக்கு வெளியே வந்துவிட்டார்கள். அப்படியிருந்தும் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2024-இல் அனுமதி மறுத்துவிட்டது. இது மருந்து நிறுவனங்களின் சதி இல்லையா?

அருள்

அன்புள்ள அருள்,

சதி என்று சொல்லிவிட்டால் எல்லாம் விளங்கிவிட்டது போலிருக்கும். ஆனால் அந்த அனுமதிக்கு விண்ணப்பித்த லைக்கோஸும் ஒரு மருந்து நிறுவனம்தான்.

நீங்கள் சொல்லும் 71 உண்மை. அதே சோதனையில் போலி மாத்திரையுடன் உளவியல் சிகிச்சை பெற்றவர்களிலும் 48 சதவீதம் பேர் அந்த வரையறையைத் தாண்டினார்கள். இடையில் இருக்கும் வித்தியாசம்தான் மருந்தின் கணக்கு. அதை நம்ப வேண்டுமானால், யார் எதை விழுங்கினார்கள் என்பது எவருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும். எம்டிஎம்ஏ உள்ளே போனால் சிறிது நேரத்தில் உடம்பே சொல்லிவிடும். கிடைக்காதவருக்கும் தெரிந்துவிடும், ஏங்கி வந்தவர் ஏமாந்து உட்கார்ந்திருப்பார். அந்த ஏமாற்றமும் எண்ணிக்கையில் ஏறிவிடுகிறது. இதைத் தீர்க்க நல்ல வழி எனக்குத் தெரிந்து இன்னும் யாரிடமும் இல்லை.

இன்னொரு சிக்கல் எனக்கு இதைவிடப் பெரியதாகப் படுகிறது. எஃப்டிஏ மாத்திரையை ஒழுங்குபடுத்தும், உளவியல் சிகிச்சையை ஒழுங்குபடுத்தாது. இங்கோ ஏறத்தாழ எட்டு மணி நேரம் நீளும் மூன்று அமர்வுகள். மனத்தின் தாழ்ப்பாள் கழன்று கிடக்கும் அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் யோக்கியரா என்பதை எந்த மாத்திரை அட்டையில் அச்சிடுவது? இது வெறும் பயம் இல்லை. முந்தைய கட்டச் சோதனை நடந்த ஓரிடத்தில் சிகிச்சையாளர் தரப்பு நெறி மீறியது வெளியே வந்தது. அந்தத் தரவு கலந்த மூன்று கட்டுரைகளை ஆய்விதழ் ஒன்று 2024-இல் திரும்பப் பெற்றது. நன்மை ஆபத்தைவிட மிகுதியா என்ற கேள்விக்கு எஃப்டிஏவின் ஆலோசனைக் குழுவில் பத்துப் பேர் இல்லை என்றார்கள், ஒருவர் ஆம் என்றார். அனுமதிக்கு முந்தைய பெரிய சோதனையான மூன்றாம் கட்டச் சோதனை இன்னொன்றை எஃப்டிஏ கேட்டதில் எனக்குக் குறை இல்லை.

ஆஸ்திரேலியா வேறு வாசலைத் திறந்தது. 2023 ஜூலை முதல், தனி அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும் அங்கே இதைப் பரிந்துரைக்கலாம். மருந்தோடு மருத்துவரையும் சேர்த்துப் பார்க்கும் ஏற்பாடு, எனக்குப் பிடித்திருக்கிறது.

உங்கள் கோபம் நியாயமானதே. அதை 1986-க்குத் திருப்பிவிடுங்கள். முந்தைய ஆண்டுதான் அமெரிக்கா எம்டிஎம்ஏவை மிகக் கடுமையான தடைப்பட்டியலில் வைத்திருந்தது. மருத்துவர்கள் பயன்படுத்த இடம் தரும் பட்டியலுக்கு மாற்றும்படி போதைமருந்துத் தடுப்புத் துறையின் சொந்த நிர்வாக நீதிபதியே பரிந்துரைத்தார். துறை கேட்கவில்லை. மூன்றாம் கட்டச் சோதனையின் முதல் முடிவு வெளிவந்தபோது ஆண்டு 2021.